ஸ்கேன் ஊசியின் பெயரை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் அண்மையில் ஒரு வாசகர், "எனக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டு, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். உள்ளுறுப்புகள் ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் மருந்துதான் கான்ட்ராஸ்ட். "அறவே கூடாது" என்று பதில் வந்திருந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. அந்தப் பதிலைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் அக்கா மகள் மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மருத்துவர் அல்ல. பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள், குடியாத்தத்தில் இருக்கிறேன். இந்த ஊசிகளில் இருக்கும் அயோடினும் கடோலினியமும் எனக்குப் பழக்கப்பட்ட தனிமங்கள். அவற்றைப் பற்றி யாராவது அரைகுறையாக எழுதினால் கை தானாகச் சிவப்பு மைப் பேனாவைத் தேடுகிறது.

அக்காவுக்கு 72 வயது. ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் மகளோடு இருக்கிறார். நெடுநாளாகச் சர்க்கரை நோய். இந்தக் கோடையில் குளிர்க் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்று தொடங்கி, வேலூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. சிறுநீரகத்தில் தொற்று ஏற்பட்டுச் சீழ் கட்டியிருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகித்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு இது உயிருக்கே உலை வைக்கக்கூடியது. சீழ் எங்கே, எவ்வளவு என்பதைத் தெளிவாகக் காட்டக்கூடியது கான்ட்ராஸ்ட் போட்ட சி.டி. ஸ்கேன். வெளியே ஒரு ஸ்கேன் மையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"சித்தி, பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு ஏற்கெனவே கிட்னி சரியில்லை. நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அக்கா மகள் ஒற்றைக் காலில் நின்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாயைக் காப்பாற்றத்தான் அவள் பார்த்தாள். மாலையில் நடக்க வேண்டிய ஸ்கேன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. இரவு முழுக்கக் காய்ச்சல் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் மருத்துவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு ஸ்கேன் நடந்தது. சீழ் இருந்தது. குழாய் வைத்து வெளியேற்றினார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருள் கிரியாட்டினின். ஊசிக்கு முன்பு இரத்தத்தில் 1.3 ஆக இருந்த அதன் அளவு, பிறகு 1.4 ஆகி, மீண்டும் 1.3-க்கு வந்துவிட்டது. அக்கா இப்போது வீட்டில் இருக்கிறார். மகளை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த 1.3 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்கேன் மையத்தின் முகப்பில் இருந்த பெண், "கிரியாட்டினின் எவ்வளவு?" என்றார். சொன்னோம். "சரி, நார்மல்தான்" என்று எழுதிக்கொண்டார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றிய முதியவர்களுக்கு அது குறைவாகத்தான் சுரக்கும். ஆகவே சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் எண் பார்ப்பதற்கு நல்லபடியாகத் தெரியும். இதைச் சரிக்கட்டத்தான் வயது, பாலினம் இரண்டையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு இ.ஜி.எஃப்.ஆர். என்று பெயர். 2021-இல் வந்த புதிய சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன். 25 வயது இளைஞனுக்குக் கிரியாட்டினின் 1.3 என்றால் இ.ஜி.எஃப்.ஆர். ஏறத்தாழ 78. அதே 1.3, 72 வயதுப் பெண்ணுக்கு என்றால் 44. முன்னவனுக்குப் பெரிய கவலை இல்லை. பின்னவருக்கு, அந்த அளவு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் கட்டம். பரிசோதனைக் கூடத்தின் தாளில் பல இடங்களில் இருவருக்கும் பக்கத்தில் ஒரே 'இயல்பு அளவு'தான் அச்சாகியிருக்கும்.

வயதும் பாலினமும் அந்தத் தாளின் தலைப்பிலேயே இருக்கின்றன. கணக்கைப் போடுவது கணினி. இருந்தும் எங்கள் பக்கத்துப் பரிசோதனைக் கூடங்கள் பலவற்றின் தாளில் நான் இந்த எண்ணைப் பார்த்ததில்லை. கேட்டால், "டாக்டர் எழுதவில்லையே" என்கிறார்கள்.

ஒன்றையும் மறக்கக் கூடாது. கிரியாட்டினின் நிலையாக இருக்கும்போதுதான் இந்தச் சூத்திரம் செல்லும். வாந்தி, பேதி, கடுங்காய்ச்சல் என்று படுத்திருப்பவருக்கு அது மணிக்கு மணி மாறும். போன மாதத் தாளைக் காட்டி ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. அன்றைய இரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இனி, தங்கள் பதிலுக்கு வருகிறேன். அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து குதித்ததில்லை. சி.டி. ஸ்கேனுக்கும் ஆஞ்சியோகிராமுக்கும் போடும் மருந்தில் பென்சீன் வளையம் ஒன்றில் மூன்று அயோடின் அணுக்கள் உட்கார்ந்திருக்கும். எக்ஸ் கதிரைத் தடுத்து நிழல் காட்டுவது அவைதான். அந்தக் காலத்து உப்பு வகை மருந்துகளின் சவ்வூடு பரவல் செறிவு, அதாவது நீரைத் தன் பக்கம் இழுக்கும் திறன், இரத்தத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இருந்தது. உடம்பு தாங்கவில்லை. இன்று பெரும்பாலும் புழங்கும், மின்னேற்றத் துகள்களாகப் பிரியாத அயனியற்ற மருந்துகளில் அது இரண்டு மூன்று மடங்குதான். அயோடிக்ஸனால் என்ற மருந்தில் இரத்தத்துக்குச் சமம். மருந்து மாறிவிட்டது. பயம் மட்டும் பழைய மருந்தோடு நின்றுவிட்டது.

இன்னொரு கோளாறு, பழைய ஆய்வுகளில் இருந்தது. ஊசி போட்டவர்களுக்குக் கிரியாட்டினின் ஏறினால் பழி ஊசிமேல் விழுந்தது. ஊசி போடாமல் ஸ்கேன் எடுத்துக்கொண்ட அதே மாதிரி நோயாளிகளுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒப்பீட்டுக் குழாய் வைக்காத சோதனைக்கு நான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போட்டதே இல்லை. 2013 வாக்கில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் பதிவுகளை அப்படி ஒப்பிட்டபோது, ஊசியின் மேல் சுமத்திய பழியில் பெரும்பகுதி காய்ச்சல், கிருமித் தொற்று, நீரிழப்பு, இரத்த அழுத்தச் சரிவு ஆகியவற்றைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. 2020-இல் அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரியும் அந்நாட்டுத் தேசிய சிறுநீரக அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நரம்பு வழியாகப் போடும் அயோடின் ஊசியால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படும் வாய்ப்பு, இ.ஜி.எஃப்.ஆர். 45-க்கு மேல் இருப்பவர்களுக்கு ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். 30 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு 0 முதல் 2 சதவீதம். 30-க்குக் கீழே 0 முதல் 17 சதவீதம் என்று அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டிருப்பவர்களுக்கும் ஊசிக்கு முன்னும் பின்னும் சாதாரண உப்பு நீரை நரம்பு வழியே ஏற்றச் சொல்கிறார்கள். உயிர் காக்கும் ஸ்கேன் என்றால் அவர்களுக்கும் மறுக்காதீர்கள் என்கிறார்கள்.

"அறவே கூடாது" என்பது இதில் எங்கே இருக்கிறது? பயந்து நிற்பவர்களைத் தங்கள் பதில் இன்னும் பயமுறுத்தியது. ஆபத்தின் விளிம்பில் இருக்கும் அந்த 30-க்குக் கீழ்ப்பட்டவர்களுக்கோ, என்ன கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. தாங்கள் திருத்தம் வெளியிட வேண்டும். இந்த எண்களோடு வெளியிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கதை வேறு. அங்கே அயோடின் கிடையாது, கடோலினியம். இதையும் அதையும் ஒரே 'டை' (சாயம்) என்று சொல்லிக் குழப்புவது நோயாளிகள் மட்டுமல்ல. தனி கடோலினிய அயனி நச்சு. அளவில் கால்சியத்தை ஒத்திருப்பதால் கால்சியம் செய்யும் வேலைகளில் புகுந்து குழப்பும். எனவே அதை ஒரு கரிம மூலக்கூறுக்குள் கட்டித்தான் ஊசியில் தருகிறார்கள். அப்படிக் கட்டுவதில் இரண்டு வகை. சங்கிலி வகை, முந்தானை நுனியில் செருகிய காசு மாதிரி. வளைய வகை, முந்தானையில் இறுக்கி முடிந்த காசு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவரின் உடம்பிலிருந்து மருந்தில் பெரும்பகுதி ஒரே நாளில் வெளியேறிவிடும். செருகியிருந்தாலும் விழுவதற்கு நேரமில்லை. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடம்பிலோ அது நாட்கணக்கில் சுற்றும்.

1997-இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் தடித்து, மரக்கட்டையாக இறுகி, முட்டியை மடக்க முடியாமல் போனது. ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை. 2006-இல்தான் ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் மருத்துவர்கள் அதைக் கடோலினிய ஊசியோடு முடிச்சுப் போட்டார்கள். மறு ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கையை அச்சிட வைத்தது. அந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குக் காரணம் கடோடயமைடு முதலிய சில சங்கிலி வகை மருந்துகள். 2017-இல் ஐரோப்பாவில் அவற்றை நரம்பு வழியே போடுவதை நிறுத்திவைத்தார்கள். கடோடெரேட், கடோபியூட்ரால், கடோடெரிடால் போன்ற வளைய வகை மருந்துகளால் அந்த நோய் வருவது மிகமிக அரிது. சிறுநீரக நோயின் நான்காம், ஐந்தாம் கட்டத்தில் இருப்பவர்களில்கூடப் பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆகவே ஒரு டயாலிசிஸ் நோயாளிக்கு எம்.ஆர்.ஐ. ஊசி ஆபத்தா, இல்லையா என்ற கேள்விக்குப் பதில் மருந்தின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெயர்தான் நம் கைக்கு வருவதில்லை. அக்காவின் ஸ்கேன் அறிக்கையில், கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுக்கப்பட்டது என்று ஒரு வாக்கியம் இருந்தது. எந்த மருந்து, எத்தனை மில்லி என்று இல்லை. கடைக்காரர் பத்து ரூபாய் மாத்திரைக்கும் பெயரும் தொகுதி எண்ணும் போட்டு ரசீது தருகிறார். இங்கே ஆயிரக்கணக்கில் பணம் கட்டியிருக்கிறோம்.

ஒப்புதல் படிவத்தையும் சொல்லியாக வேண்டும். நெருக்கமான ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அக்காவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், திணறினாள். வேலூர் காந்தி ரோட்டில் போய்ப் பாருங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சிகிச்சைக்கு வருபவர்களுக்காகச் சாப்பாட்டுக் கடைகள்கூட வங்காளத்திலும் இந்தியிலும் பலகை எழுதி வைத்திருக்கின்றன. மீன் குழம்பு விற்க மொழி தேவை என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

ஸ்கேன் மையத்தின் காத்திருப்புக் கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் பேரணாம்பட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்றார். நாக்கு உதட்டில் ஒட்டிக்கொண்டு பேச்சே குழறியது. வெளியே வேலூர் வெயில். அதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவருடைய முறை வந்தபோது நண்பகல். இன்றைய அயனியற்ற அயோடின் ஊசிகளுக்குப் பட்டினி கிடக்கத் தேவையில்லை என்றே ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. சில வகை ஸ்கேனுக்கு வயிறு காலியாக இருக்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் தண்ணீர் எதுவரை குடிக்கலாம் என்று சீட்டில் எழுதலாமே? சிறுநீரகத்தைக் காய வைத்து அனுப்பிவிட்டு, பிறகு ஊசியைக் குற்றம் சொல்வதில் என்ன நியாயம்?

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை இன்னொரு தலைவலி. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் கிராமங்களில் வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறது. மிக நல்ல காரியம். ஆனால் அக்காவுக்கு அது 'வெள்ளை மாத்திரை', அவ்வளவுதான். ஊசிக்கும் மெட்ஃபார்மினுக்கும் நேரடிப் பகை கிடையாது. ஒருவேளை சிறுநீரகம் தளர்ந்துவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் தேங்கி இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம் என்பதால்தான், தேவைப்படுபவர்களுக்கு 48 மணி நேரம் நிறுத்தி, கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்கிறார்கள். நிறுத்தச் சொல்லும் குரல் எல்லாருக்கும் கேட்கிறது. தொடங்கச் சொல்லும் குரல்தான் கேட்பதில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் ஸ்கேனுக்காக நிறுத்திய மாத்திரையை அப்படியே விட்டுவிட்டு, சர்க்கரை ஏகத்துக்கும் ஏறி வந்து நின்றார்.

சிறுநீரகத்தைக் காக்கும் என்று சொல்லி, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையைச் சிலர் எழுதித் தருகிறார்கள். ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2018-இல் வெளியானது. அந்த மாத்திரையும் சரி, உப்பு நீருக்குப் பதிலாக ஏற்றும் சோடியம் பைகார்பனேட்டும் சரி, கூடுதலாக ஒரு பலனும் தரவில்லை. உப்பு நீரும் எல்லாருக்கும் ஒரே அளவு அல்ல. இதயம் பலவீனமானவருக்கு அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

உண்மையில், எங்கள் பக்கம் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்கள் இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பற்றித்தான் தாங்கள் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். வெயிலில் உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் வழியையே சுருக்கிவிடும். அதற்கு யாரும் ஒப்புதல் படிவம் கேட்பதில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள். சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் சி.டி. எடுப்பதானால் பெரும்பாலும் ஊசியே வேண்டாம். வெறும் ஸ்கேனிலேயே கல் பளிச்சென்று தெரியும். கல்லுக்கு ஸ்கேன் என்று அனுப்பப்படுபவர்கள் ஊசி எதற்கு என்று கேட்கலாம். அடுத்து, சிறுநீரே வராத நிலையில் டயாலிசிஸில் இருப்பவருக்கு அயோடின் ஊசி போட்டால் உடனே அவசர டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்பதும் பொதுவாகத் தேவையில்லாத பரபரப்பு. சிறிதளவாவது சிறுநீர் கழிப்பவர் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் அந்தச் செயல்பாடு பொன்னானது.

அக்காவின் அறிக்கையை வாங்கிய கையோடு நான் மறுபடி உள்ளே போய், "எந்த மருந்து போட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்" என்றேன். "எதற்கு அம்மா? யாரும் கேட்டதில்லையே" என்றார் அந்தப் பெண். நான் நகரவில்லை. அடுத்த முறை வேறு ஊரில் வேறு மையத்தில் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துக்கொண்டால், முன்பு ஒத்துக்கொண்ட மருந்து எது என்று அங்கே உள்ளவர் கேட்பாரே, நான் என்ன சொல்வது என்றேன். உள்ளேயிருந்து டெக்னீசியன் தம்பி வந்தார். குப்பைக் கூடையிலிருந்து காலிக் குப்பியை எடுத்துப் பார்த்து, ரசீதின் பின்பக்கத்தில் 'அயோஹெக்ஸால் 300, 80 மில்லி' என்று எழுதி, தேதி போட்டுத் தந்தார். முகம் கோணவில்லை. "இதை அச்சிலேயே வைத்துவிட்டால் எங்களுக்கும் சுலபம்" என்றும் சொன்னார்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது. சிறுநீரகத்துக்காக நாட்டின் மறுகோடியிலிருந்து இந்த ஊருக்கு ரயிலேறி வருகிறார்கள். இங்கே தொடங்குவதே பொருத்தம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கிரியாட்டினின் பார்க்கும் ஒவ்வொரு பரிசோதனைக் கூடமும் அதன் கீழே இ.ஜி.எஃப்.ஆர். அச்சிட வேண்டும். ஊசி போடும் ஒவ்வொரு ஸ்கேன் மையமும் மருந்தின் பெயரையும் அளவையும் அறிக்கையில் எழுத வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். படிவத்தின் தமிழ் வரைவு வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.